பூஜைக்கு அப்புறம் பெருத்த தூசி

பத்தாவது வரை படித்த நான் மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஸ்லைடு கழுவுவேன், மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்து உறை மாட்டுவேன். யாரிடமும் அதிகம் பேச்சு கிடையாது.

அந்த வருடம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, மேலூர்ச் சாலையோர வேப்பிலைகளில் படிந்த கல்தூசியை அளந்துகொண்டிருந்தாள். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்குள் மெல்லிய கோடுகள் போட்ட அளவுகோல் இருக்கும். ஒரு கோடு எவ்வளவு என்பது அதைப் பார்த்தால் தெரியாது. மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்லைடை அடியில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டு, ஒரு கோடு இரண்டரை மைக்ரான் என்று அவள் நோட்டில் குறித்திருந்தாள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

அவள் சாப்பிடப் போனதும் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். வெளிச்சக் குளத்துக்குள் தூசிகள் பாறைக் கரடுகளைப் போல அசையாமல் கிடக்கும். ஐபீஸைத் திருகினால் கோடுகள் அவற்றின் மேல் மெதுவாகச் சுற்றும். காலுக்குக் கீழே தரை இருப்பதே மறந்துபோகும்.

ஆயுத பூஜைக்கு எல்லா ஐபீஸையும் கழற்றித் துடைத்தேன். அளவுகோல் உள்ளவை இரண்டு. அதில் ஒன்றின் கழுத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. போன வருடக் குங்குமம் என்று நகத்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சந்தனம் வைத்தேன்.

பத்து நாள் கழித்து, மழைக்குப் பிறகு பறித்துவந்த இலைகளை அளந்துவிட்டு அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“மழை பெஞ்சா பெரிய தூசியெல்லாம் கழுவிட்டுல்லக்கா போகணும்? இது அம்புட்டும் வீங்கிப்போய்க் கெடக்கு. திங்கக்கிழமை கமிட்டி. காரணம் சொல்லலைன்னா முதல்லருந்து எடுன்னுருவாங்க. ஒரு வருசம் போச்சு.”

ஐபீஸைக் கழற்றித் திருப்பினாள். “என்னோடதுன்னு அடையாளத்துக்கு இதுல நெயில் பாலிஷ் வச்சிருந்தேனே!”

நான் குழாயடிக்குப் போய், கழுவிய ஸ்லைடுகளையே மறுபடி கழுவினேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஈரக்கையோடு திரும்பி வந்தேன்.

“பாப்பா, அத நான் குங்குமம்னு நெனச்சுச் சொரண்டிட்டேன். திரும்ப மாட்டும்போது ரெண்டும் மாறிப்போயிருக்கும்.”

அவள் ஐபீஸைத் திரும்ப மாட்டினாள். “நல்லவேளை, எலுமிச்சம்பழத்த வச்சு நசுக்காம விட்டீங்க” என்றாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அளவு ஸ்லைடை அடியில் வைத்தாள். “நீங்க பாருங்கக்கா. எனக்குக் கண்ணு கலங்குது. ரெண்டு கோடும் எங்க சேருதுன்னு சொல்லுங்க.”

பார்த்தேன். இரண்டு அளவுகோல்களும் ஒன்றன்மேல் ஒன்று மிதந்தன. தொடக்கக் கோடுகளைச் சேர்த்துவைத்து ஒவ்வொன்றாக நகர்ந்தேன். மூச்சுவிட்டாலே எண்ணிக்கை தப்பியது. மூன்று முறை எண்ணினேன்.

“ஐபீஸ்ல அம்பது. கீழ பத்து.”

“முன்னாடி நாப்பதுக்குப் பத்து!” எழுந்தேவிட்டாள். “அப்ப ஒரு கோடு ரெண்டு மைக்ரான்தான். திரும்ப அளக்க வேணாம்க்கா, பெருக்குனதத் திருத்துனாப் போதும். கோட்டுக் கணக்க நீங்க வாசிங்க.”

நோட்டை வாங்கி, பூஜைக்கு அப்புறம் எழுதிய பக்கங்களை வாசித்தேன். ஆறு கோடு. நாலு கோடு. ஒன்பது கோடு. அவள் கணக்கில் பதினைந்து மைக்ரான் தூசி பன்னிரண்டானது, பத்து எட்டானது.

“சத்தமா வாசிங்கக்கா.”

அடுத்த பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன்.