டொலி கடித்த ஈயம்

ஆறு வருசமாக எனக்கு ஜோசப்பின் அக்காவோடு ஒரு கோபம். நெடுந்தீவில் எங்கள் கோயில் பெருநாள் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். விறாந்தையில் பத்துப் பேர் கதிரை போட்டு இருந்தார்கள். நானும் இருந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன்.

“டேய் யாக்கோப்பு, இறங்கு கீழை. அந்தப் புகை டொலியின்ரை நெஞ்சுக்குள்ளை போகும்.”

“அப்ப என்ரை நெஞ்சு?”

“அது உன்ரை பாடு.”

சனம் சிரித்தது. முற்றத்து வெயிலில் நின்று முழுச் சுருட்டையும் குடித்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கல்வேலிதான். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் படியில் நான் கால் வைக்கவில்லை.

டொலி ஒரு கொக்கட்டூ. கோழியளவு வெள்ளைக் கிளி, தலையில் மஞ்சள் கொண்டை. சந்தோசம் வந்தால் கொண்டையை விரிக்கும். விடியவும் பின்னேரமும் அது கத்தினால் இறங்குதுறை வரைக்கும் கேட்கும்.

ஜோசப்பின் அக்கா பதினெட்டு வயதில் கொழும்புக்குச் சமைக்கப் போனவர். ஒரே வீட்டில் முப்பத்தாறு வருசம். கலியாணம் இல்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கிளியைக் கொண்டுபோக அந்த நாடு விடாதாம். குஞ்சிலிருந்து தீத்தி வளர்த்தது அக்காதானே, அவரிடமே விட்டுவிட்டார்கள். ஒரு சூட்கேசும் ஒரு கூடுமாக வந்து இறங்கினார்.

“முப்பத்தாறு வரியச் சமையலுக்கு ஒரு குருவி,” என்று கடைக்கார மாக்கிறேற் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

“உன்ரை மனுசன் உனக்கு அதுகும் தரேல்லையே,” என்று அக்கா சொல்லிவிட்டு, பயறு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் குருவியை அவர் பார்த்த விதத்தை நான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உப்பு, மிளகாய், தேத்தண்ணி எதுவும் அதன் வாயில் படக்கூடாது. முளைவிட்ட பயறு, முருங்கை இலை, சோளம், கொஞ்சம் பூசணி விதை. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், அந்தத் தண்ணீரைத் தெளித்துக் குருவியைக் குளிப்பாட்டுவார். கூட்டில் பூட்டிவைக்கமாட்டார். தோளில் இருத்திக்கொண்டு குசினியில் வேலை செய்வார், ஓயாமல் கதைப்பார். கடிக்கப் பனைமட்டைத் துண்டும் சிரட்டையும் கொடுப்பார். கொழும்பில் இருந்த காலத்தில் ஒருமுறை அதை அங்கே விட்டுவிட்டு அவர் ஒரு மாதம் ஊருக்கு வந்து நின்றபோது, அது தன் நெஞ்சு இறகெல்லாம் தானே பிடுங்கிவிட்டதாம். தனிய இருந்தால் அதற்கு வருத்தம் வந்துவிடும் என்பார்.

போன ஆடியில் அக்காவின் கண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. முதலில் இடது கண். மூன்று நாள் வேண்டும். வேலியடிக்கு வந்து நின்றார்.

“யாக்கோப்பு, கோபம் எண்டால் என்னோடை வைச்சிரு. மூண்டு நாளைக்கு டொலியோடை இருந்து கதை. உன்னை விட்டால் எனக்கு ஒருத்தரும் இல்லை.”

“ஓம்,” என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போதாவது என்னைத் தேடி வந்தாரே என்று.

முதல் நாள் சுருட்டே குடிக்கவில்லை. இரண்டாம் நாள் என் மீன்வலையில் கிழிசல் பொத்த இருந்தது. வலையை அக்காவின் விறாந்தையில் விரித்து, டொலியைத் திறந்துவிட்டேன். அது தத்தித் தத்தி வந்து, வலையின் அடிக்கயிற்றில் கோத்திருந்த ஈயமொன்றைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. மெத்தென்ற சாமான், சொண்டுக்குப் பிடித்துப்போயிற்று. கத்தலும் நின்றது. பழைய ஈயத்துண்டு ஒன்றை நானே கழற்றிக் கொடுத்தேன். நாங்கள் சின்ன வயதிலிருந்து ஈயத்தைப் பல்லால் கடித்துத்தான் தூண்டில் நூலில் இறுக்குகிறோம். எங்களுக்கு என்ன வந்தது?

அக்கா கண்ணில் பிளாஸ்ரிக் மூடியோடு வந்து இறங்கியபோது டொலி கொண்டையை விரிக்கவில்லை. கூட்டின் அடியில் குந்தியிருந்தது. எச்சம் கடும் பச்சை. அடுத்த நாள் விடிய, தடியைப் பிடிக்கக் காலில் பலமில்லாமல் ஏற ஏற விழுந்தது.

“என்னடா குடுத்தனி?”

“நீங்கள் வைச்சிட்டுப் போனதைத்தான் குடுத்தனான்.”

ஈயம் ஞாபகத்துக்கு வந்தது. பேச்சை மாற்றினேன்.

“சோளகக் காத்து அடிக்குது அக்கா, கடல் கொந்தளிக்குது. கண்ணிலை தண்ணி படக்கூடாது. நீங்கள் நில்லுங்கோ, நான் யாழ்ப்பாணத்துக்கு டொக்டரிட்டைக் கொண்டுபோறன்.”

“உன்னோடை அனுப்பமாட்டன்.”

“கண் போயிடும்.”

“மற்றது கிடக்குத்தானே.”

மற்றக் கண்ணில் அவருக்குப் பகலும் பனிப்புகார் மாதிரித்தான்.

படகில் அலை உள்ளே அடித்தது. அக்கா கூட்டுக்கு மேல் கவிழ்ந்திருந்தார். நான் துவாயால் அவருடைய கண்ணை மூடிப் பிடித்திருந்தேன். அக்கரையில், குறிகட்டுவானில் ஏறிய பஸ்சில் டொலிக்கு வலிப்பு வந்தது. செட்டை இரண்டும் படபடவென்று அடித்தன. அக்கா குசினியில் பாடுகிற பாட்டை அதன் காதோடு பாடினார். இந்தக் குருவியின் கத்தல் ஒருநாள் நிற்காதா என்று ஆறு வருசம் கேட்டவன் நான். மாதாவே, இதைச் சாகவிடாதே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் நாய்க்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுக்கிற இளம் பெண் டொக்டர். டொலியை மேசையில் கிடத்திப் பார்த்தார்.

“இரும்பு, பெயின்ற், ஈயம், அப்பிடி ஏதும் கடிச்சதோ அம்மா?”

“என்ரை வீட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர். மட்டையும் சிரட்டையும்தான்,” என்றார் அக்கா. குரலில் அவ்வளவு நிச்சயம்.

“அப்ப கிருமியாத்தான் இருக்கும்.” டொக்டர் மருந்து எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினார்.

டொலி ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது.

“ஈயம்,” என்றேன். “வலை ஈயம். நான்தான் குடுத்தனான்.”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. எக்ஸ்றே எடுத்தார்கள். வயிற்றில் இரண்டு வெள்ளைப் புள்ளி.

“நாளைக்குச் சொல்லியிருந்தால் ஒண்டும் செய்திருக்க ஏலாது,” என்றார் டொக்டர். “இப்பவும் பிழைக்கும் எண்டு சொல்ல ஏலாது. ஐஞ்சு நாளைக்குக் காலமையும் பின்னேரமும் நெஞ்சுத் தசையிலை ஊசி போடவேணும். அங்கை ஆர் போடுவினம்?”

எங்கள் தீவில் குருவிக்கு ஊசி போட யார் இருக்கிறார்கள்? மருந்தை ஊசியில் எந்தக் கோடு வரைக்கும் இழுக்கவேண்டும் என்று காட்டி, டொக்டர் முதல் ஊசியைப் போட்டார். அக்கா வெறும் ஊசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார், தூரப் பிடித்தார், திரும்பவும் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு பைக்குள் வைத்தார்.

பின்னேரப் படகில் திரும்பினோம். இறங்குதுறையில் கூட்டை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. தானே தடவித் தடவி நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டுப் படி வந்ததும், அன்றைக்குச் சுருட்டோடு நின்ற அதே இடத்தில் முற்றத்தில் நின்றுவிட்டேன்.

அக்கா கூட்டை வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் உள்ளே பார்த்தபடி.

“ஆறு மணிக்கு அடுத்த ஊசி. எனக்கு அந்தக் கோடு தெரியுதில்லை. நான் பிடிக்கிறன், நீ போடு. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு மேலை ஏறி வா.”