வெள்ளையம்மா அக்காவும் கோயில் கதவும்

வெள்ளையம்மா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மலை ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொல்லிமலைக்கு வந்து எங்கள் சர்ச்சைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அவரைத் தெரியும். கேட் ஓரம் அன்னாசி நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பாரே... அவர்தான். சர்ச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் எங்கள் ஆயர் கீழே டவுனில் இருப்பவர், மாதத்தில் ஓரிரு ஞாயிறுதான் மேலே வருவார். சபையார் நாங்கள் ஆளுக்கொரு ஊரில் கிடக்கிறோம். நாள் முழுக்க அங்கேயே இருப்பவர் அக்கா ஒருவர்தான். அப்படித்தான் சாவி அவர் இடுப்புக்குப் போனது.

மத்தியானத்துக்கு மேல் எடுக்கிறார்கள். பாடை சர்ச் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு ரோடு கிடையாது. அந்த நேரத்தில் சர்ச் கதவு திறந்திருக்க வேண்டுமா, சாத்தியிருக்க வேண்டுமா? காலையிலிருந்து எங்கள் கமிட்டி வாட்ஸப் குரூப்பில் இந்தச் சண்டைதான்.

கதவில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுங்க. சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் கோயில் அது. ரோடு வருவதற்கு முன்பே கட்டியது. சுவருக்கு இங்கேயே உடைத்த கல். கிழக்கே ஆல்டர் என்கிற பலிபீடத்துக்கு மேல் இருக்கும் கலர் கண்ணாடியும் கோபுரத்து மணியும் கப்பலில் வந்து, அடிவாரத்திலிருந்து ஆள் தோளில் ஏறி வந்தவை.

"எங்க பாட்டனுங்க தூக்கியாந்த மணிங்க இது" என்று டூரிஸ்ட் எல்லாரிடமும் அக்கா சொல்வார். எந்தப் பாட்டன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

பைபிள் வைத்து வாசிக்கிற ஸ்டாண்ட், சிறகு விரித்த பித்தளைக் கழுகு. பழைய கோயில்களில் அப்படித்தான் இருக்கும். அதைக் காட்டி, "இது இவுங்க சாமிக்கு வாகனமுங்க" என்பார்.

நான் அங்கே கீபோர்டு வாசிக்கிறவள். சும்மா இருக்க முடியுமா? "அக்கா, அது வாகனம் இல்லை. யோவான் என்கிற சீஷருக்கு அடையாளம்" என்றேன்.

"செரி கண்ணு, அப்ப அவருக்கு வாகனம்."

போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன்.

இப்போது கதவு விஷயம். நர்ஸாக இருந்து ரிட்டையரான எஸ்தர் அம்மா இறந்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் சர்ச் பூட்டு! சாரல் வேறு. அக்காவுக்குப் போன் போட்டால் டவர் இல்லை. பைக்கில் ஆள் போய் மிளகுத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்தார்கள்.

வந்தவர் எங்களைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஏனுங்க, ஊருல சாவு உழுந்தா கோயல் நடைய யாராச்சும் தொறந்து போடுவாங்களா? பொணம் தாண்டுற வரைக்கும் சாத்தி வெக்கோணும். இதுகூடத் தெரியாதுங்களா?"

அவர்கள் கோயிலில் அதுதான் வழக்கம். எங்களுக்கு நேர் எதிர். பெட்டியை உள்ளே கொண்டுபோய், ஆல்டர் முன்னால் வைத்து ஜெபித்த பிறகுதான் கல்லறைக்கு.

செயலாளர் ஸ்டீபன் அண்ணன் தாம்தூம் என்று குதித்தார். ஆயர்தான் நனைந்த அங்கியோடு பொறுமையாக, "எங்க சாமி பொணத்தையும் உள்ள கூப்பிடும்மா" என்றார்.

அக்கா பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாவியை ஆயர் கையில் வைத்தார். "நீங்க தொறந்துக்குங்க சாமி. என்ற கையால முடியாதுங்க."

அடக்கம் முடிந்ததும் வாசல்படி முழுக்க மஞ்சத்தண்ணி ஊற்றிக் கழுவியும் விட்டார். சாவியை அவரிடமிருந்து வாங்க வேண்டும் என்று ஸ்டீபன் அண்ணன் கமிட்டியில் ஒரே பிடி. ஆயர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு தானாக வந்தது. எங்கள் சாவுக்குத் திறப்பு, அவர்கள் சாவுக்குச் சாத்து.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் ஒரு ஞாயிறு. பிரசங்கம் நடக்கும்போது ரோட்டில் சாவு மேளம். தடால் என்று கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. உள்ளே மொத்தச் சபையும், ஆயர் உட்பட!

ஊர்வலம் தாண்டியதும் அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "ம்... நீங்க பேசுங்க சாமி."

எங்கே பேசுவது? ஆயரே சிரித்துவிட்டார்.

இன்றைக்கு ஸ்டீபன் அண்ணன் அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் போடுகிறார். "அந்தக்கா இத்தன வருசம் நம்ம கோயலப் பாத்துக்கிச்சு. அது போறப்ப மூஞ்சியில அடிச்சாப்புல கதவச் சாத்துனா நாம மனுசங்களா? ரெண்டு கதவையும் தொறந்து உள்ள கூப்புடோணும்."

நியாயம்தான். எங்களிடம் இருக்கிற பெரிய மரியாதை அதுதான்.

கொஞ்சம் முன்னால் அக்காவின் மகன் செல்வராசு, நான் நடத்துகிற கடைக்கு வந்தார். ஜீப் ஓட்டுகிறவர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சாவியை மேசை மேல் வைத்தார்.

"நீயே சொல்லு தம்பி. தொறக்கட்டுமா, சாத்தட்டுமா?"

"தொறந்து வெச்சா எங்களுக்குப் பெருமதானுங்க்கா. ஆனா பொணம் போறப்ப நட தொறந்து கெடந்தா எங்கம்மா பதறும்ங்க. உங்க சாமிக்கு ஆகாதுன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் சாமிக்கு ஆகாதே என்று எங்களில் ஒருவரும் இப்படிப் பதறியதில்லை.

ஸ்டீபன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூக்கை உறிஞ்சினார். பிறகு, "சாத்திரு. ஆனா நாம எல்லாரும் வெளிய நிக்கோணும்" என்றார்.

நிற்கிறோம். ஆயரும் வந்துவிட்டார். மேளம் வளைவு திரும்பிவிட்டது.

அக்கா, நட சாத்தியாச்சுங்க. பதறாம வாங்க.