நீல வெளிச்சத்தில் என் கை

அண்ணன் முகத்தில் இருந்ததைப் பரு என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக, கம்பு மணிகளை ஒட்டிவைத்த மாதிரி. "வயசு முப்பதாச்சு, பரு மட்டும் இன்னும் பத்தாவது தாண்டுலயாட்ட இருக்குது" என்று நானே கேலி செய்திருக்கிறேன். "நீ எட்டாவதே தாண்டுல, நீ பேசற" என்பான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. போன வருடம் அடிக்கடி வந்தது. கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா அறையை இருட்டாக்கி, ஒரு நீல விளக்கை அவன் முதுகில் பிடித்தார். வேப்பிலை உதிர்ந்து கிடப்பது போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா அத்தனை வருடமும் அதைத் தேமல் என்று விட்டிருந்தாள்.

தலை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "மூளையில இருக்கற கட்டி கேன்சர் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அம்மா காதில் ஏறவில்லை. எனக்கு ஏறியது. முகத்துப் பரு, முதுகுத் தேமல், கட்டி, வலிப்பு எல்லாம் ஒரே நோய்; பிறவியிலேயே வருவது. கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். இருந்தால் அவர்கள் பிள்ளைக்கும் போகலாம்.

ஆடி மாதம் அண்ணன் போய்விட்டான். காலையில் எழுப்பப் போனேன். குப்புறக் கிடந்தான். தலையணை ஈரமாக இருந்தது.

அப்போது எனக்கு மூன்று மாதம். டாக்டரம்மா சொன்னதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "உங்க மாமியாகிட்ட வாயத் தொறந்துபோடாத அம்மணி. எல்லாம் அவனோட போச்சு" என்றாள் அம்மா.

நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில், துணியின் சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. அதிலும் நீல விளக்கு உண்டு. ஐந்தாம் மாதம் ஒரு நாள், எல்லோரும் சாப்பிடப் போனபோது விளக்கைப் போட்டேன். ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, கையை உள்ளே நீட்டினேன்.

கூட வேலை செய்யும் அக்கா பார்த்துவிட்டாள். "ஏன் அம்மணி, உன்னையும் பனியனோட பொட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்களா?"

சிரித்தபடியே குனிந்தாள். தோளுக்குக் கீழே வெள்ளையாக இரண்டு வேப்பிலைகள் இருந்தன. சுண்டுவிரல் நீளம்.

"பவுடர் ஒட்டியிருக்குது கண்ணு" என்று துணியை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள்.

"விடுங்கக்கா. அது போகாது. அண்ணனுக்கு இருந்ததுதான். நாளைக்கு ஸ்கேன் இருக்குது. அம்மாகிட்டச் சொல்லலைங்க. நீங்க வாரீங்களா?"

என் வயிற்றையே பார்த்துக்கொண்டு, "வாரேன்" என்றாள்.