கெர்தீலாவுக்கு ஒன்றரை வரி

எங்கள் மடத்தில் மெலேத்தியோஸைப் போல் அழகாக எழுத ஆள் கிடையாது. கோபத்திலும் அவனுக்கு இணையாக ஆள் கிடையாது. இரண்டையும் பக்கத்திலிருந்து பதினான்கு வருடம் பார்த்தவன் நான். அவன் பிரதி எடுப்பதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை.

அந்த வருடம் பழைய பூகோள நூல் ஒன்று அவன் கைக்கு வந்தது. எழுதிய கிரேக்கர் செத்து ஆயிரம் வருடம் இருக்கும். எல்லாம் எலி கடித்த தோல் ஏடுகள். பிரதி எடுத்து முடித்த பழைய ஏடு அடுத்த வாரமே பசை காய்ச்சப் போய்விடும். வேறு பிரதி இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஏழாம் பகுதியில் அவன் ஒன்றரை வரியை விட்டிருந்தான். நான் மூலத்தை உரக்க வாசித்தேன்: "அடுத்து கெர்தீலா. சின்ன ஊர். தண்ணீர் உப்பு. மக்கள் சண்டைக்காரர்கள்."

"யோவ், இது உன் ஊருல்ல?"

"அதான் எழுதல. அந்தாளு அங்க கால் வச்சிருக்கவே மாட்டான். எங்க கிணத்துத் தண்ணி தேன் மாதிரி இருக்கும்."

"சண்டைக்காரங்கன்னும் போட்டிருக்கானே?"

"எவன் சொன்னது? வரச் சொல்லு அவன!"

வரியை விட்டால் நூற்று முப்பது முறை தரையில் விழுந்து எழ வேண்டும், அது மடத்துச் சட்டம். முணுமுணுக்காமல் செய்தான். முழங்காலைத் தேய்த்தபடி வந்து உட்கார்ந்தான். வரியை மட்டும் எழுதவில்லை. மொச்சை உரிக்கும்போதெல்லாம் அந்த வரியை ஒப்பித்து அவனைச் சீண்டினேன். பிறகு, நண்பன்தானே, ஒன்றரை வரிதானே என்று விட்டுவிட்டேன். தப்புதான். ஏடு பசைப் பானைக்குப் போனது.

திராட்சை அறுவடை முடிந்த சமயம், எண்ணெய் கொண்டுவரும் கப்பல்காரர் செய்தி சொன்னார். கடற்கொள்ளையர் கெர்தீலாவைக் கொளுத்திவிட்டார்களாம். கோவிலும் அதிலிருந்த பதிவேடுகளும் சாம்பல். கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். பிழைத்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறிப்போனார்கள்.

மெலேத்தியோஸ் அழவில்லை. நேராக எழுதும் அறைக்கு வந்து, தான் எடுத்த பிரதியைத் திறந்தான்.

"அந்த வரி வேணும்."

"ஏடு வெந்து பசையாப் போச்சேப்பா. எங்க போய்த் தேடுவ?"

"தேடுறதாவது! என் ஊரத் திட்டினத நான் மறப்பேனா?"

ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். சீண்டிச் சீண்டி எனக்கும் மனப்பாடமாகியிருந்தது. இருவர் நினைவையும் ஒப்பிட்டு, சரி என்றேன். என் வேலையை நினைத்து அன்றுபோல் நான் என்றும் சந்தோஷப்பட்டதில்லை. பக்கத்தில் இடமில்லாததால் ஓரத்தில் குறியிட்டு எழுதினான். முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அடியில் சின்ன எழுத்தில் என்னவோ சேர்த்தான். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் எங்கள் மடத்தில் குற்றம். குனிந்து வாசித்தேன்.

"தண்ணீர் உப்பல்ல. மற்றதெல்லாம் உண்மை. இப்படிக்கு, மெலேத்தியோஸ், கெர்தீலா ஊர்க்காரன்."

சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் பேனாவை வாங்கி, பக்கத்தின் கீழே, சரிபார்த்தாயிற்று என்று என் குறியைப் போட்டேன்.