அட்டைக்குள் இருந்தவள்

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அதைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. படிக்க ஒரு ஆள் இருந்தால் போதும், அபிப்பிராயத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் படிக்கிற ஆள் நான். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டு, கல்யாணத்துக்குக் காத்திருந்தேன்.

ஆவடியில் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. சாயங்காலம் சங்கு ஊதி ஆண்கள் சைக்கிள்களில் திரும்புவதற்கு முன்னால் கிடைக்கும் கொஞ்ச நேரம் பெண்களுடையது. எங்கள் பிளாக்கின் பின்பக்கம் நிழல் விழுந்ததும் பாயை விரித்துவிடுவார்கள். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்குவாள். மேல்வீட்டு அக்கா ஸ்வெட்டர் பின்னுவாள். ஆவடி வெயிலில் அதை யார் போடுவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எதிர் பிளாக் அக்கா பக்கத்து ஊரான கோவில்பதாகையில் பிறந்து வளர்ந்தவள். அவள் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள், பேசுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

மேல்வீட்டு அக்காவின் தம்பிக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்தவன் ஒரு அமெரிக்க நாவலை விட்டுவிட்டுப் போனான். காதலும் கொலையும் கலந்த கதை. அதன் அட்டைப்படத்தில் ஆணும் பெண்ணும் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அக்காவின் வீட்டுக்காரர், பிள்ளைகள் நடமாடுகிற வீடு என்று சொல்லி, பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் போடுவதுபோலப் பிரவுன் ஷீட்டால் அட்டை போட்டு லேபிளும் ஒட்டிவிட்டார். லேபிளில் ‘ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தார். அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. புத்தகம் அப்படியே என் கைக்கு வந்தது.

தினம் ஒரு அத்தியாயம் படித்து, தமிழில் கதை சொன்னேன். நாயகி ரேடியோவில் ராத்திரி நிகழ்ச்சி நடத்துகிறவள். தாயில்லாதவள், அத்தை வளர்ப்பு. எவனோ ஒருவன் அவளுக்குப் போன் செய்து, நடக்கப்போகிற கொலையை முன்கூட்டியே சொல்கிறான். அவளுக்குக் காவலாக ஒரு போலீஸ்காரன் வருகிறான். நல்ல உயரம், மீசை, கனமான குரல். போனில் கேட்டதும் இதே குரல்தானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

முதல் நாளே அபிப்பிராயங்கள் கிளம்பிவிட்டன. இப்படி மீசை வைத்தவன் கொலை செய்ய மாட்டான் என்று மேல்வீட்டு அக்கா அடித்துச் சொன்னாள். அம்மாவுக்கு ரேடியோ முதலாளி மேல் கண். ராத்திரி வேலைக்குப் பெண்பிள்ளையை வைத்தவனைத்தான் முதலில் உள்ளே தள்ள வேண்டும் என்றாள். எதிர் பிளாக் அக்காவுக்கு நாயகி மேலேயே கோபம். எங்கே சத்தம் கேட்டாலும் அந்தப் பெண் தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

“இவ இன்னா லூசா? ஊட்ல ஒரு தாப்பா கெடையாதா?”

காதல் பக்கங்களில்தான் எனக்குச் சிக்கல். அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது? அந்த இடம் வந்தால், அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லி நாலைந்து பக்கங்களைத் தள்ளிவிடுவேன். கொலைகாரன் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது இவர்களுக்கு அப்படி என்ன பேச்சு என்று எதிர் பிளாக் அக்கா சலித்துக்கொண்டாள். மேல்வீட்டு அக்கா மட்டும் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

இதற்கு நடுவே என் சொந்தக் கதையும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கறுப்பு. தரகர் வாயில் மட்டும் மாநிறம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்பினார்கள்: பெண் நல்ல பெண், நிறம்தான் கொஞ்சம் கம்மி. அதனால் இந்த முறை அம்மா மார்க்கெட் ஸ்டுடியோவில் சொல்லி என் போட்டோவை டச்சப் செய்ய வைத்தாள். அதில் இருந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பூந்தமல்லியில் ஒரு குடும்பத்துக்கு அவளைப் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். டியூப் லைட் வேண்டாம், குண்டு பல்பு போதும் என்று அம்மா திட்டம் போட்டாள். புதுப் பவுடர் டப்பாவும் வந்தது. இன்னொரு தடவை அந்தப் பதிலைக் கேட்க என்னால் முடியாது என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சொன்ன அத்தியாயத்தில் நாயகி பயந்துபோய் அத்தை வீட்டுக்கு ஓடுகிறாள். அத்தை அவளைத் தரையில் உட்காரவைத்து, தன் முழங்கால்களுக்கு நடுவே தலையைப் பிடித்துக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து எண்ணெய் தேய்த்து, இறுக்கிப் பின்னிவிடுகிறாள். வலிக்கிறது என்றால் சீப்பாலேயே மண்டையில் ஒரு தட்டு. எல்லாருக்கும் அந்த அத்தையைப் பிடித்துவிட்டது. அம்மா கல் பொறுக்குவதைக்கூட நிறுத்திவிட்டாள். இந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறவன் கொடுத்துவைத்தவன் என்றாள்.

எதிர் பிளாக் அக்காதான் கையை நீட்டிக் கதையை நிறுத்தினாள்.

“இரு இரு. வெள்ளக்காரி எங்கனா எண்ண வெச்சி பின்னிக்குவாளா? அத்தக்காரி வேற கால் நடுவுல குந்த வெச்சிகினு கீறா. இவ யாருன்னு மொதல்ல பாரு.”

நாவலில் அவள் நிறம் அங்கங்கே வரத்தான் செய்தது, தேன் என்றும் காபி என்றும். வெயிலில் படுத்து உடம்பைக் கறுக்கவைத்துக்கொள்ளும் வெள்ளைக்காரிகளைப் பற்றி ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். இவளும் அந்த ரகம்போல என்று தாண்டிப் போய்விட்டேன். இங்கிலீஷ் கதை என்றால் நாயகி வெள்ளைக்காரி என்பதில், பி.ஏ. படித்த எனக்கும் மற்ற மூன்று பேருக்கும் துளிக்கூடக் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

மேல்வீட்டு அக்கா பின்னல் ஊசியை உள்ளே நுழைத்து லேபிளோடு சேர்த்து அட்டையைக் கிழித்தாள். உள்ளே அவள் இருந்தாள். அமெரிக்கக் கறுப்புப் பெண், என்னைவிட ஒரு படி தூக்கலான கறுப்பு. மஞ்சள் கவுன், தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல். அவளை அணைத்துக்கொண்டிருந்த மீசைக்காரனும் கறுப்புதான். வேறு எந்தப் பக்கமும் திரும்ப மனசில்லாதவனாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிர் பிளாக் அக்கா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“இன்னா அழகா கீறா பாரேன்.”

அம்மா எழுந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். படத்தில் இருந்த கட்டிப்பிடிப்புக்காகக் கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் தூங்கி எழுந்ததும் அம்மா பவுடர் டப்பாவோடு வந்தாள். மற்ற தடவைகளில் கழுத்து வரைக்கும் வெள்ளையடித்துவிடுவாள். அன்றைக்கு டப்பாவை ஜன்னலில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைக் கீழே உட்காரச் சொல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினாள். வலித்தது, நான் மூச்சு விடவில்லை. பின்னி முடித்துப் பூவையும் வைத்துவிட்டு எழுந்து போனாள். டப்பா ஜன்னலிலேயே இருந்தது.

பூந்தமல்லிக்காரர்கள் வந்ததும் அம்மா டியூப் லைட்டைப் போட்டாள். பையனின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து, அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். போட்டோவில் வேறு மாதிரி இருந்ததே என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா எழுந்து போய் அந்தப் போட்டோவை அந்த அம்மாள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“போட்டோதாங்க தப்பு. பிள்ளை சரியாத்தான் இருக்கா.”

காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பதிலே வரவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் அழுதேன். அழும்போதெல்லாம் அம்மா சொன்னது ஞாபகம் வந்து அழுகை பாதியில் நின்றுபோனது.

அந்த வாரமே பாயை விரித்து மீதிக் கதையைக் கேட்டார்கள். கொலைகாரன் ரேடியோவில் கூடவே வேலை பார்த்துக்கொண்டு, அவளுக்கு அடிக்கடி காபி வாங்கிக் கொடுத்த ஒரு சாது. மீசை தப்பித்தது. கடைசிப் பக்கங்களில் அவனும் அவளும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அருமையான கதை என்றாள் மேல்வீட்டு அக்கா. ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்க வேண்டிய கதை என்றாள் எதிர் பிளாக் அக்கா. அம்மா முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தாள்.

“தாயில்லாத பிள்ளைன்னுதானே அவன் இத்தனை ஆட்டம் ஆடினான்” என்றாள். “நான் இருந்திருந்தா போன் பண்ணியிருப்பானா?”