முதுகுக்கு எந்தக் கலர்?

என் அத்தானின் முதுகெலும்புக்கு எந்த நிறத்தில் கம்பி வைப்பது என்று போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. சாம்பல் நிறத்துக்கு ஏழு ஓட்டு. கறுப்புக்கு ஒன்று. அந்த ஒன்று அடியேன்!

அத்தான், என் அக்காள் கணவர், கிள்ளானில் லோரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் முதுகுக்கு ஏறி, ஓர் எலும்பை அரித்துவிட்டது. அது நொறுங்கி நரம்பை அழுத்தினால் இரண்டு காலும் போய்விடும். அதற்கு முன்னால் மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகாணி போட்டு, கம்பி கொடுத்து நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். நம் தமிழ்ப் பெண்தான். பொறுமைசாலி.

மேசையில் இரண்டு மாதிரிகளை வைத்தார். ஒன்று டைட்டானியம், சாம்பல் நிறம். இன்னொன்று கார்பன் ஃபைபர், கன்னங்கரேல் என்று இருந்தது.

முப்பது வருஷ வியாபாரி சும்மா இருப்பாரா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திருகாணியின் மரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது ஒரிஜினலா டாக்டர், லோக்கலா? வாரண்டி எத்தன வருஷம்?"

"அது ரொம்ப வருஷம் நிக்கும் அங்கிள்."

"நான்?"

அக்கா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். அத்தானே தொடர்ந்தார்.

"சரி, அத விடுங்க. இருக்கிற வரைக்கும் பாத்ரூமுக்கு நானே நடந்து போகணும். இவ தூக்கிட்டுப் போற மாதிரி வச்சிடாதீங்க. அது போதும் லா."

டாக்டர் கறுப்பைக் கையில் எடுத்தார். "அப்போ இத போடலாம் அங்கிள். உலோகம்னா ஸ்கேன்ல நிழல் தட்டும். நோய் திரும்பி வந்தா சரியா தெரியாது. ரேடியேஷன் குடுக்கவும் இடைஞ்சல். இதுல அந்தத் தொல்லை கம்மி."

விஷயம் முடிந்ததா? எங்கே முடிந்தது! அக்கா நேராகப் பிரிக்பீல்ட்ஸ் ஜோசியரிடம் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. அத்தானுக்கு ஏழரைச் சனி. சனிக்கு உலோகம் இரும்பு, நிறம் கறுப்பு.

"டைட்டானியம் எந்தக் கிரகத்துல வருதுங்க?" என்று கேட்டாள்.

ஜோசியர் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அதுக்கு இங்க யாரும் பொறுப்பு இல்லம்மா."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. கிரகமே இல்லாத உலோகம்! அன்று மாலைதான் அந்த ஓட்டெடுப்பு.

மறுநாள் டாக்டரிடம், "கறுப்பு வேணாம், சாம்பலே போடுங்க. இல்லேன்னா இதே சாமான் வேற கலர்ல இருக்கா?" என்றாள்.

"ஒரே கலர்தான் ஆன்டி."

"பச்சகூட இல்லியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தேன். "சனிக்கிழம போகட்டும், யோசிச்சு சொல்றோம்" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

வெளியே வந்து பார்த்தால்... அத்தானின் இடது கால் செருப்பு நடைபாதையில் தனியாகக் கிடக்கிறது. எங்களுக்கு முன்னால் கிளம்பிய அவர் ஒற்றைச் செருப்போடு லிஃப்ட் வரை போயிருக்கிறார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே ஜோசியருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஐயா, காலு மரத்துப்போச்சு. கறுப்பு போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தை!"

அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது.

"போடச் சொல்லுங்கம்மா. சனீஸ்வரனே முதுகுல ஏறி உக்காந்துட்டா, அப்புறம் வெளியேர்ந்து யாரு வந்து புடிக்கப் போறா?"

கையெழுத்துப் போட அக்கா ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே அறுவை சிகிச்சை முடிந்தது.

ஆறாம் நாள். அத்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக நகர்ந்து, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நாங்கள் ஐந்து பேர். அக்கா கதவில் காதை வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்கும் அழுகைதான், மறைப்பானேன்? ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... சத்தமே இல்லை.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் போங்க லா! ஆள் நின்னா எனக்கு வராது!"