எதிரே ஒரு மங்கு

குனோங் ராபாட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு மங்கு இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம் அது. விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது. பார்க்கிறவர்கள் ஊறுகாய்க் கிண்ணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு யாராவது வருவதே அபூர்வம் என்பதால் நானும் திருத்துவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்து மரங்களை வெட்டிவிட்டுக் கோழிப் பண்ணை வைத்தார்கள். குறைந்த தீவனத்தில் நிறைய எடை போடும் கோழிகளைப் பொறுக்கி, அவற்றின் குஞ்சுகளை மட்டும் பெருக்குவார்கள். எது எவ்வளவு தின்றது என்று தெரிய வேண்டுமே! அதனால் தனித்தனிக் கூண்டு, நடுவில் பலகை, கோழிக்கொரு பழைய மங்கு. மிச்சத் தீவனத்தை நிறுப்பது எனக்கும் அக்காவுக்கும் வேலை. அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. முன்பு அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்; கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகளைப் பாரிட் புந்தாரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

ஓரக் கூண்டில் ஒரு சிவப்புப் பெட்டை தின்னாமல் மெலிந்துகொண்டே வந்தது. அக்கா நகத்தால் மங்கை இரண்டு தட்டுத் தட்டி, எதிரே உட்கார்ந்து தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். சிலுவை போட்டு அவர் முதல் கவளம் எடுத்ததும் பெட்டையும் கொத்தத் தொடங்கும். அதுவும் ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்ததோ என்னவோ.

மேனேஜர் பார்த்துவிட்டார். "அக்கா, நீங்க உக்காந்தா கணக்கு தப்பா வரும் லா. தானா திங்கிறதுதான் நமக்கு வேணும்."

"ஒத்தையா திங்க அதுக்குப் பிடிக்கல சார். அந்தப் பலகைய மட்டும் எடுத்துடலாமே?"

"எடுத்தா எது எவ்வளவு தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அக்கா உட்காருவதை நிறுத்தினார். பெட்டை மறுபடி இளைத்து, கழித்துவிட்ட கோழிகளோடு லோரியில் ஏறியது.

மறுநாள் அக்கா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "பசிக்கல லா" என்றார். அடுத்த நாளும் அதே பதில். எனக்குப் பொறுக்கவில்லை. என் பொட்டலத்தோடு போய் எதிரே உட்கார்ந்து, பெட்டையின் காலி மங்கை இரண்டு தட்டுத் தட்டினேன். முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"என்னையும் கோழின்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தார்.

அதன்பின் சேர்ந்தே சாப்பிட்டோம். சில ஆண்டுகள் கழித்து அக்கா மகளோடு இருக்கப் போனபோது, அந்த மங்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் கொட்டகை முழுக்க வேறு மாதிரிக் கோழிகள். தீவனம் போட்டால் தலை குனியும், தீர்ந்தால்தான் நிமிரும். அக்கம்பக்கம் எதையும் தேடாது. பண்ணைக்கு நல்ல லாபம். எனக்குத்தான் அந்தக் கொட்டகைக்குள் போகவே பிடிக்காமல் போயிற்று.

அக்கா இப்போது இல்லை. என் பிள்ளைகளும் தூரத்தில். தனியாகத் தின்னப் பழகியவை அந்தக் கோழிகள்தாம். எனக்கு இன்னும் வரவில்லை. தினமும் சோற்றைப் போட்டுக்கொண்டு, மங்கை எதிரே நகர்த்தி, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். அப்புறம்தான் முதல் கவளம் இறங்குகிறது.